சார்கோ–மேரி–டூத் நோய்: வகையைக் கண்டறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1886-இல் பாரிசில் சார்கோ, மேரி என்ற மருத்துவர்களும், இங்கிலாந்தில் டூத் என்ற மருத்துவரும் விவரித்த இந்தப் பரம்பரை நரம்பு நோய் ஏறத்தாழ 2,500 பேரில் ஒருவருக்கு வருகிறது. குழிந்து உயர்ந்த பாதம், மடங்கிய கால்விரல்கள், மெலிந்த கெண்டைக்கால், நடக்கையில் தொங்கும் முன்பாதம் ஆகிய அடையாளங்கள் பெரும்பாலான வகைகளுக்குப் பொதுவானவை என்பதால், காலைப் பார்த்தவுடனே வகையைச் சொல்ல முற்படுவது சரியாகாது.

என் கருத்தில் மிகப் பெரிய தவறு, "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை" என்ற பதிலோடு விசாரணையை நிறுத்திவிடுவதுதான். ஒரே மரபணு மாற்றம் உள்ள ஒரே குடும்பத்தில் ஒருவர் ஊன்றுகோலோடு நடக்க, இன்னொருவர் தமக்கு நோய் இருப்பதே தெரியாமல் முதுமையை எட்டுவதுண்டு. எனவே பெற்றோரிடம் கேட்பதோடு விடாமல் அவர்களையும் நேரில் பரிசோதிக்க வேண்டும். காலணியைக் கழற்றச் சொல்லி, குதிகாலை மட்டும் ஊன்றிச் சில அடிகள் நடக்கவைத்து, கணுக்கால் அனிச்சையைத் தட்டிப் பார்த்தாலே, அதுவரை "சிறுவயதிலிருந்தே கால் அப்படித்தான்" என்று கருதப்பட்டது நோயின் அடையாளம் என்று தெரியவரலாம். பெற்றோர் இருவரும் நலமாகவே இருந்தாலும், புதிதாகத் தோன்றிய மரபணு மாற்றமோ பெற்றோர் இருவரும் நோயின்றிச் சுமக்கும் மாற்றம் பிள்ளையிடம் ஒன்றுசேரும் ஒடுங்கு மரபு வழியோ காரணமாக இருக்கக்கூடும்.

அடுத்தது, நரம்பில் மின்துடிப்பு எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளக்கும் நரம்புக் கடத்தல் சோதனை. முற்றிய நோயில் கால் நரம்புகளில் பதிவே கிடைக்காமல் போகலாம். அதை வைத்து வகை பிரிக்க இயலாது. கை நரம்பின் இயக்கக் கடத்தல் வேகம் வினாடிக்கு 38 மீட்டருக்குக் கீழே இருந்தால் நரம்பிழையைச் சுற்றியுள்ள மயலின் உறை பாதிக்கப்படும் முதல் வகை என்றும், அதற்கு மேல் இருந்து பதிவாகும் மின்அலையின் உயரம் மட்டும் குறைந்திருந்தால் நரம்பிழையான ஆக்சான் பாதிக்கப்படும் இரண்டாம் வகை என்றும் பிரிப்பது வழக்கம். கை குளிர்ந்திருந்தாலே வேகம் குறையும் என்பதால், தோலின் வெப்பநிலையைக் கவனிக்காமல் எடுத்த அளவை நம்பக் கூடாது. இந்த எல்லையை ஒட்டி நிற்கும் இடைநிலை வேகங்கள் எக்ஸ் குரோமோசோம் வழி வரும் வகையில் அடிக்கடி காணப்படுகின்றன. அவ்வகையில் ஆண்களுக்குப் பாதிப்பு பொதுவாக அதிகம். தந்தையிடமிருந்து மகனுக்கு நோய் சென்றிருந்தால் அவ்வகையை விலக்கிவிடலாம்.

வேகம் குறைந்திருப்பதைக் கண்டதும் எதிர்ப்பாற்றல் கோளாறால் வரும் நாள்பட்ட நரம்பழற்சி என்று முடிவுகட்டி, ஸ்டீராய்டும் இம்யூனோகுளோபுலினும் தொடர்ந்து கொடுப்பது நோயாளிக்கு வீண் சுமை. முதுகுத்தண்டு நீரில் புரதம் கூடியிருப்பது பரம்பரை நோயிலும் நேரக்கூடியது என்பதால் அது மட்டும் சான்றாகாது. பரம்பரை நோயின் முதல் வகையில் எல்லா நரம்புகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் வேகம் குறைந்திருக்கும். நரம்பழற்சியில் ஒரு நரம்பு ஒரு விதமாகவும் இன்னொன்று வேறு விதமாகவும் இருக்கும், இடையிடையே மின்துடிப்பு நின்றுபோகும் கடத்தல் தடையும் தென்படும். எக்ஸ் வழி வகையிலும் சில சமயம் இந்தச் சீரின்மை உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மரபணுச் சோதனையில் எல்லாவற்றையும், மரபணுவின் எழுத்து வரிசையைப் படிக்கும் ஒரே வரிசைப்படுத்தலில் பிடித்துவிடலாம் என்று எண்ணுவது இன்னொரு தவறு. முதல் வகையின் மிகப் பரவலான உட்பிரிவான 1ஏ வகைக்குக் காரணம், 17-ஆம் குரோமோசோமில் பிஎம்பி22 மரபணு இருக்கும் பகுதி இரட்டிப்பாவது. எழுத்துகளை மட்டும் படிக்கும் வரிசைப்படுத்தலில் இந்த இரட்டிப்பு தவறிப்போகலாம். ஆகவே வேகம் சீராகக் குறைந்தவர்களுக்குப் மரபணுவின் படிகள் எத்தனை என்று எண்ணும் எம்எல்பிஏ போன்ற சோதனையை முதலில் செய்ய வேண்டும். 2020-இல் அறியப்பட்ட சோர்ட் மரபணுக் குறைபாட்டில், அருகிலேயே ஏறத்தாழ அதே அமைப்புள்ள, ஆனால் செயல்படாத போலி மரபணு இருப்பதால் முடிவு குழம்பக்கூடும். அங்கே இரத்தத்தில் சார்பிட்டால் என்ற சர்க்கரை வகைப் பொருளின் அளவு உயர்ந்திருப்பதே நல்ல துப்பு. நோயை உண்டாக்குமா என்பது தெரியாத, பொருள் உறுதியாகாத மாற்றம் என்று அறிக்கையில் வந்தால் அதையே நோயறிதலாக எழுதிவிடாமல், பாதிக்கப்பட்ட உறவினர்களிடமும் அந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நோயை மாற்றும் மருந்து இல்லாதபோது வகை தெரிந்து என்ன பயன் என்று சோதனையைக் கைவிடுவோர் உண்டு. அதுவும் தவறு. இரண்டாம் வகையைப் போலவே தோன்றும் டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் நரம்புகளில் படியும் பரம்பரை அமிலாய்டு நோய்க்கு 2018 முதல் மரபணுச் செயல்பாட்டை அடக்கும் மருந்துகள் இருக்கின்றன. நரம்புப் பாதிப்பு முற்றுவதற்குள் தொடங்கினால்தான் அவற்றால் முழுப் பலன் கிடைக்கும். 1ஏ வகை உள்ளவருக்குப் புற்றுநோய் வந்து வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து செலுத்தப்பட்டால், கை கால்கள் சில வாரங்களிலேயே கடுமையாகச் செயலிழக்கக்கூடும். ஆகவே உறுதியான வகையின் பெயர் அவருடைய மருத்துவக் கோப்பில் எவர் கண்ணிலும் படும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.