கடைந்து தீ எடுக்கப் பழகுவோம்: செப்டம்பர் மாத ஒன்டாரியோ காட்டில்

மரத்தோடு மரத்தைக் கடைந்து தீ எடுக்கக் கைப்பலம் வேண்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் வேண்டியது காய்ந்த, சரியான மரம். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்கு மெலிந்த கை போதும். தெரியாதவர் எவ்வளவு வேகமாகக் கடைந்தாலும் புகை மட்டுமே வரும். அதனால் இந்தச் செய்முறையில் பாதி, காட்டில் நடப்பதைப் பற்றியது.

கனடாவின் தெற்கு ஒன்டாரியோவில் இதைத் தொடங்க நல்ல காலம் செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை. கொசுத் தொல்லை குறைந்திருக்கும், கோடையின் புழுக்கமும் தணிந்திருக்கும். அதைவிட முக்கியமாக, மரங்களில் இலை இன்னும் இருக்கும். இலையைப் பார்த்து மரத்தை அடையாளம் காண்பது சுலபம். நவம்பரில் எல்லாம் மொட்டையான பிறகு பட்டையை மட்டும் வைத்து மரத்தைச் சொல்லப் பழகுவதற்குப் பல வருடம் ஆகும்.

முதலில் கண்ணால் மட்டும்

டொராண்டோ பக்கம் இருப்பவர்கள் ஸ்காபரோவை ஒட்டிய ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குப் போங்கள். மாஸ்ட் டிரெயில் என்ற பாதை நல்ல தொடக்கம். ஒரு காலத்தில் கப்பல் பாய்மரங்களுக்காக மரம் வெட்டி இழுத்துச் சென்ற வழி அது. அங்கே ஒரு சுள்ளியைக்கூட எடுத்து வரக் கூடாது, தேசியப் பூங்காச் சட்டம் அப்படி. பார்த்துப் பழகத்தான் போகிறோம்.

மூன்று மரங்களைத் தெரிந்துகொண்டால் ஆரம்பத்துக்குப் போதும். முதலாவது வெள்ளை சீடர். இலைகள் செதில் செதிலாக, அழுத்தி வைத்தது போலத் தட்டையாக இருக்கும். பட்டை நீள நீளமாக நார் உரியும். கீழே வைக்கும் அடிப்பலகை, அதன்மேல் நிறுத்திச் சுழற்றும் தண்டு, கங்கைச் சுடராக்கும் தீப்பற்றும் நார் மூன்றுக்கும் இந்த ஒரே மரம் உதவும். புதியவர்களுக்கு இதைத்தான் நான் எப்போதும் சொல்வேன். இரண்டாவது பாஸ்வுட்: இதய வடிவத்தில் அகலமான இலை, காம்பின் இரு பக்கமும் சமமில்லாமல் ஏறி இறங்கி இருக்கும். மூன்றாவது ஆஸ்பென்: வட்டமான சின்ன இலை, மிக லேசான காற்றுக்கே நடுங்கிக்கொண்டிருக்கும். மேப்பிளும் ஓக்கும் எங்கு பார்த்தாலும் நிற்கும். ஆனால் அவை கடினமான மரங்கள், தண்டுக்கோ பலகைக்கோ புதியவர்கள் எடுக்க வேண்டாம்.

பாய்சன் ஐவியைக் கட்டாயம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மூன்று இலையாக இருக்கும், நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவந்து போகும், கை தானாக அதை நோக்கிப் போகும். மரத்தில் ஏறிய கொடியாக இருந்தால் தண்டு முழுக்க மயிர் போல வேர் படர்ந்திருக்கும். தொட்டால் தோலில் கொப்புளம் போடும். எரித்தால் இன்னும் மோசம், அந்தப் புகை நுரையீரலையே பாதிக்கும். எந்தச் செடியுடையது, எந்தக் கொடி படர்ந்தது என்று தெரியாத நாரையோ குச்சியையோ தீக்கு எடுக்காதீர்கள். உண்ணியும் இந்தப் பருவத்தில் சுறுசுறுப்பாகவே இருக்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள்.

எங்கே பழகலாம்

டொராண்டோ மாநகருக்குள் வீட்டுப் பின்முற்றத்தில் திறந்தவெளியில் விறகு எரிக்க அனுமதி இல்லை. வேறு ஊர் என்றால் உங்கள் நகராட்சி விதியைப் பாருங்கள். அல்கோன்குவின் போன்ற மாகாணப் பூங்காக்களில் முகாமிடத்துக்கு என்று அமைத்த தீக்குழியில் தீ மூட்டலாம், காட்டில் நினைத்த இடத்தில் மூட்ட முடியாது. ஒன்டாரியோவின் காட்டுத்தீப் பருவம் சட்டப்படி ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 31 வரை. வறட்சி அதிகமானால் தீத் தடை வரும், கிளம்பும் அன்று காலையில் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டாம். 2002இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்ட மரகத வண்டு ஆஷ் மரங்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது, அது ஊர்விட்டு ஊர் பரவியதற்கு விறகு வண்டிகளும் ஒரு காரணம். போகும் இடத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

தீக்கருவிக்கான மரத்தை, சொந்தமாக நிலம் வைத்திருக்கும் நண்பரிடம் கேட்டு எடுக்கலாம். இல்லையா, மரக்கடையில் ரசாயனம் ஏற்றாத சீடர் வேலிப்பலகை ஒன்று வாங்குங்கள். காட்டிலிருந்து எடுத்தது அல்லவே என்று தயங்க வேண்டாம். நன்றாகக் காய்ந்த பலகையில் முதலில் கடைசல் கைக்கு வரட்டும்.

நிலத்திலிருந்து எடுப்பதானால், நின்றபடியே பட்டுப்போன மரத்தைத் தேடுங்கள். தரையில் கிடப்பது ஈரத்தை உறிஞ்சியிருக்கும். கிளையை ஒடித்தால் 'டக்' என்று சத்தத்தோடு உடைய வேண்டும். உடைந்த இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ச்சி தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அப்புறம் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். தடம் பதிந்தால் சரியான மென்மை. நகமே உள்ளே இறங்கினால் உளுத்த மரம், தடமே விழாவிட்டால் கடினம்.

கருவியைச் செதுக்குவது

யாகசாலையில் அரணிக்கட்டை கடைவதைப் பார்த்தவர்களுக்கு அடிப்படை தெரிந்திருக்கும். அங்கே ஒருவர் மேலே அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கயிற்றை இழுப்பார். நாம் கயிற்றை ஒரு வில்லில் கட்டிவிடுகிறோம், அதனால் ஒரே ஆள் இரண்டு வேலையையும் செய்யலாம்.

தண்டு: பெருவிரல் பருமன், 20 சென்டிமீட்டர் நீளம், எவ்வளவு நேராக முடியுமோ அவ்வளவு நேராக. மேல்முனையைக் கூராக்குங்கள், கீழ்முனை மழுங்கலாக இருக்கட்டும். அடிப்பலகை: ஒன்றரை சென்டிமீட்டர் கனம், ஐந்து சென்டிமீட்டர் அகலம், காலால் மிதிக்கிற நீளம். வில்: லேசாக வளைந்த, இழுத்தால் மேலும் அதிகம் வளையாத 60, 70 சென்டிமீட்டர் குச்சி. கயிறு வழுக்காமல் உறுதியாக இருக்க வேண்டும், தடித்த பூட்ஸ் நாடா போதும். மேலே பிடிக்கும் கைக்கட்டைக்கு மட்டும் மேப்பிள் போன்ற கடின மரம். அதில் ஒரு சின்னக் குழி தோண்டிக் கொஞ்சம் சோப்புத் தடவுங்கள். வெப்பம் கீழேதான் பிறக்க வேண்டும், மேலே தண்டு வழுக்கிச் சுழன்றால் போதும்.

பலகையின் ஓரத்தையொட்டிக் கத்தி முனையால் ஒரு குழி எடுங்கள். குழியின் விளிம்புக்கும் பலகை ஓரத்துக்கும் இடையில் மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருந்தால் சரி. தண்டை அதில் வைத்துக் கொஞ்ச நேரம் கடைந்தால் குழி கருகி, தண்டின் பருமனுக்கு வட்டமாகும். நிறுத்திவிட்டு, ஓரத்திலிருந்து குழியின் மையத்தை நோக்கி ஆப்பு வடிவில் ஒரு வெட்டு வெட்டுங்கள். வட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அகலம், முனை மையத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். கடையும்போது உதிரும் கரித்தூள் இந்த வெட்டில்தான் சேரும், கங்கு பிறப்பதும் அங்கேதான். வெட்டு இல்லாவிட்டால் தூள் நாலாபக்கமும் சிதறிவிடும்.

கடைவது

பிற்பகலில் தொடங்குங்கள். செப்டம்பர் காலையில் பனி இறங்கி எல்லாம் நமுத்திருக்கும். காய்ந்த இலையைத் தரையிலிருந்து நன்றாக ஒதுக்கி, வெறும் மண் தெரியும்படி செய்யுங்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். கங்கு விழப் பலகைக்குக் கீழே ஒரு மெல்லிய மரச்சீவலை வையுங்கள்.

வலது கைக்காரர் என்றால் வலது முழங்காலை ஊன்றி, இடது பாதத்தால் பலகையை மிதியுங்கள், பாதம் குழிக்கு நெருக்கமாக இருக்கட்டும். கயிற்றைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். தண்டு வில்லின் குச்சிக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும். கைக்கட்டையைப் பிடித்த இடது மணிக்கட்டை இடது காலின் முன்எலும்போடு ஒட்டி வையுங்கள். தண்டு ஆடுகிறது, எகிறுகிறது என்று புலம்புபவர்களைக் கவனித்தால் பெரும்பாலும் இந்த மணிக்கட்டு காலைவிட்டு விலகியிருக்கும்.

இனி வில்லை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முழுசாக இழுங்கள். தொடக்கத்தில் மெல்ல, லேசான அழுத்தம். வெட்டு தூளால் நிரம்பும் வரை அவசரப்படாதீர்கள். எல்லோரும் மூச்சு வாங்கித் தோற்பது இந்த இடத்தில்தான்: புகையைக் கண்டதும் வேகத்தைக் கூட்டிவிடுவார்கள், தூளோ இன்னும் சேர்ந்திருக்காது. வெட்டு நிரம்பிய பிறகுதான் கொஞ்சம் அழுத்தமும் வேகமும் கூட்டி ஒரே மூச்சாகக் கடைய வேண்டும்.

நடுநடுவே தூளைப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் அழுத்தமோ வேகமோ போதவில்லை. கரும்பழுப்பிலிருந்து கறுப்பாக, மாவு போல நுண்ணியதாக இருந்தால் சரியாகப் போகிறது. கிறீச்சிட்டுத் தூளே விழவில்லை என்றால் குழியும் தண்டு முனையும் பளபளத்துப் போயிருக்கும், கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

கடைவதை நிறுத்திய பிறகும் தூளிலிருந்து புகை தானாக எழுந்துகொண்டிருந்தால் கங்கு பிறந்துவிட்டது. தண்டை மெதுவாக எடுங்கள். பலகையை லேசாகத் தட்டித் தூள் குவியலைச் சீவலில் விடுங்கள். கையால் மெல்ல விசிறினால் கறுப்புக்குள் செம்புள்ளி ஒன்று தெரியும். பதற வேண்டாம், அது உடனே அணைந்துவிடாது. நீங்கள் மூச்சு வாங்கிக்கொள்ளவே நேரம் தரும்.

கங்கிலிருந்து சுடர்

சீடர் பட்டை நாரை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்துத் தேய்த்து, தலைமுடி அளவுக்கு மெல்லியதாக்கி, ஒரு கூடு போலச் செய்து முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். கங்கை அதன் நடுவில் போட்டு, நசுங்காமல் நாரால் மூடுங்கள். முகத்துக்குச் சற்று மேலே பிடித்து, நீளமாக, மெதுவாக ஊதுங்கள். வெள்ளைப் புகை அடர்ந்து மஞ்சளாகும்போது இன்னும் இரண்டு, மூன்று மூச்சு. சட்டென்று சுடர் விடும். உடனே தீக்குழியில் வைத்து, மேலே பர்ச் பட்டைச் சீவலும் பென்சில் பருமனுக்குக் குறைந்த சுள்ளியும் அடுக்குங்கள். பர்ச் பட்டையை விழுந்த மரத்திலிருந்து எடுங்கள். உயிருள்ள மரத்தை உரித்தால் தழும்பு ஆறவே ஆறாது.

முதல் சில பயிற்சிகளில் கங்கோடு நிறுத்திக்கொள்ளலாம், கூடு வரை போக வேண்டியதில்லை. கங்கு தவறாமல் வரத் தொடங்கிய பிறகு சுடருக்குப் போங்கள்.

அணைக்கும்போது தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுச் சூடு இல்லை என்று உறுதி செய்யுங்கள். உதிர்ந்த இலை மக்கிய மண்ணுக்கு அடியில் தீ கண்ணுக்குத் தெரியாமல் நெடுநேரம் ஊரும், வேறு இடத்தில் போய் எழும்பும். தண்டையும் பலகையையும் காகிதப் பையில் போட்டு வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வையுங்கள், கார் நிறுத்தும் கொட்டகையில் வேண்டாம். கருகிய பழைய குழி புதுக் குழியைவிடச் சீக்கிரம் சூடேறும். அதனால் அடுத்த முறை அதே குழியில் தொடங்கி, அது பலகையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும்போது பக்கத்தில் புதியதை வெட்டுங்கள்.