இன்ஜின் சூடேறினால்: நிறுத்துவது முதல் காற்றை வெளியேற்றுவது வரை

வெப்ப முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு அளவில் திருப்பி, பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டர்தான் என்பதால், நிறுத்த இடம் கிடைக்கும் வரை அது இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். ஆவி எழுந்தால், அது அடங்கும் வரை பானெட்டைத் திறக்க வேண்டாம்.

ரேடியேட்டர் மூடி ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால், நீரும், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் சரிபாதியாகச் சேர்ந்த கலவை 120 டிகிரி செல்சியஸிலும் கொதிக்காமல் இருக்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து, கலவை கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருந்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) நன்றாக ஆறிய பிறகே, தடித்த துணியால் பிடித்து மூடியை மெல்லத் திருப்ப வேண்டும். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும். இன்ஜினை அணைத்த பின்னும் மின்விசிறி தானாகச் சுழலலாம் என்பதால் கையை அதனிடமிருந்து விலக்கியே வையுங்கள்.

நெரிசலில் மட்டும் சூடேறினால் விசிறி, அதன் ஃபியூஸ், ரிலே ஆகியவற்றை முதலில் பாருங்கள். வேகமாக ஓடும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பையோ, திறக்காத தெர்மோஸ்டாட்டையோ (சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) ஐயுறலாம். ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தால் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்க வாய்ப்புண்டு. அந்த வண்டியை ஓட்டாமல் இழுத்துச் செல்வதே நல்லது.

கசிவை அடைத்து, கூலன்ட் நிரப்பிய பிறகும் என் காரில் முள் மீண்டும் ஏறியது. உள்ளே சிக்கியிருந்த காற்றே அதற்குக் காரணம். காற்றுக்குமிழி தெர்மோஸ்டாட்டைச் சூழ்ந்துகொண்டால் சூடான கூலன்ட் அதைத் தொடாது. அது உரிய நேரத்தில் திறக்காமல் போகும். ஆகவே ஆறிய இன்ஜினில், சமதளத்தைவிட முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி வண்டியை நிறுத்தி, ஹீட்டரைச் சூடான நிலையில் வைத்து, மூடியைத் திறந்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் வெளியேற வெளியேற மட்டம் இறங்கும், இறங்கும்தோறும் நிரப்புங்கள். தெர்மோஸ்டாட் திறந்து, கீழ் ஹோஸும் சூடாகி, ஹீட்டர் காற்று சீராக வெப்பமாக வரும்போதுதான் இந்தப் படி முடிகிறது. உங்கள் வண்டியில் காற்று வெளியேற்றும் திருகு இருந்தால், கையேடு சொல்லும் முறையையே பின்பற்றுங்கள்.

இதற்கு, ரேடியேட்டர் வாயில் இறுக்கமாகப் பொருந்தும் புனலைத்தான் நான் பரிந்துரைப்பேன். சாதாரணப் புனலில் கூலன்ட் பொங்கி வழியும். கூலன்ட்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள். நிறத்துக்குப் பொதுத் தரம் எதுவும் இல்லாததால் கையேட்டில் உள்ள வகையே அளவுகோல்.

பின்சேர்க்கை: முள் ஏறவில்லை, ஆனாலும் ஆவி வருகிறதே என்று சிலர் கேட்டிருந்தனர். கூலன்ட் பெருமளவு வெளியேறிவிட்டால் சென்சார் திரவத்தில் மூழ்காமல் குறைந்த வெப்பத்தையே காட்டக்கூடும் என்பதால், ஆவியைக் கண்டால் முள்ளை நம்பாமல் நிறுத்திவிடுங்கள். சிந்திய கூலன்ட்டையும் உடனே துடைத்துவிட வேண்டும். கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாய் அதை நக்கிவிடும், இனிப்புச் சுவை அறியாத பூனையும் நக்கிவிடக்கூடும், சிறிதளவே அவற்றின் உயிரைப் பறிக்கும்.