போர்வெல் வீட்டில் தண்ணீர் வேகம் குறைந்தால்: பம்ப்பை மாற்றச் சம்மதிப்பதற்கு முன்

நகராட்சிக் குழாய் எட்டாத இடத்தில் வீடு எடுத்தவர்கள் முதலில் ஒரு கணக்கை மாற்றிக்கொள்ள வேண்டும். மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்பிப் பழகியவர்கள் நாம். தொட்டி நிற்கும் உயரம்தான் அங்கே குழாயின் வேகம். பிரஷர் டேங்க் வைத்த போர்வெல் வீட்டில் மாடியில் தொட்டி கிடையாது. தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கும் மூடிய டேங்க்தான் உண்டு. பிரஷர் டேங்குக்குள் ஒரு ரப்பர் பை இருக்கிறது. அதன் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் அடைத்த காற்று. அந்தக் காற்றுதான் தண்ணீரைத் தள்ளுகிறது. அழுத்தம் 40 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) இறங்கினால் பிரஷர் ஸ்விட்ச் பம்ப்பை ஓடவிடும், 60க்கு ஏறினால் நிறுத்தும். சில வீடுகளில் 30/50. கரண்ட் போனால் டேங்கில் இருக்கும் கொஞ்சத்தோடு தண்ணீர் நின்றுவிடும். வாளியில் பிடித்து வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

குடிவந்ததும் தண்ணீரைக் கிருமிப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கிணற்றின் ஆழம், ஊற்று, பம்ப் இறக்கிய ஆழம் எழுதிய பதிவை முந்தைய உரிமையாளரிடம் கேட்டு வாங்குங்கள். அவ்வளவு போதும், விஷயத்துக்கு வருவோம்.

வேகம் குறைந்ததும் டேங்க் அருகிலுள்ள கேஜை, அதாவது அழுத்தம் காட்டும் மீட்டரைப் பாருங்கள். ஒரு குழாயைத் திறந்துவிட்டுப் பார்க்க வேண்டும். முள் 40க்கும் 60க்கும் நடுவில் இருந்தும் குழாயில் தண்ணீர் மெலிந்து வந்தால் பம்ப்பிலும் கிணற்றிலும் குறையில்லை. டேங்குக்குப் பிறகு எங்கோ அடைப்பு. பெரும்பாலும் வண்டல் ஃபில்ட்டர்தான். உள்ளிருக்கும் உருளையைக் கழற்றிவிட்டு மூடியைப் பூட்டி ஓடவிடுங்கள். வேகம் திரும்பினால் புது உருளை போட்டால் போதும். திரும்பாவிட்டால், கடினநீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இருந்தால், தண்ணீர் அதற்குள் போகாதபடி பைபாஸில் திருப்பிப் பாருங்கள். ஒரே ஒரு குழாயில் மட்டும் குறை என்றால் அதன் முனைச் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள்.

பலர் பணத்தைத் தொலைப்பது டேங்கில். குழாய் திறந்திருக்கும்போது பம்ப் சில நொடிக்கு ஒருமுறை 'டக் டக்' என்று ஓடி நின்றால் டேங்கில் காற்று போய்விட்டது என்று பொருள். டேங்கின் தலையில் உள்ள காற்று வால்வில் டயர் கேஜை வைக்கிறார்கள், 50 காட்டுகிறது. காற்று நன்றாக இருக்கிறது, பம்ப்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு! டேங்கில் தண்ணீர் இருக்கும்வரை அந்த வால்வு காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தைத்தான். காற்று கசிந்து ஒரு பிடிதான் மிஞ்சியிருந்தாலும் கேஜ் அதே 50ஐக் காட்டும். இதைச் சோதிக்காமல் கிணற்றிலிருந்து பம்ப்பைத் தூக்குவது வீண் செலவு. புது பம்ப்பும் அதே டேங்கோடு மணிக்கு நூறு முறை ஓடி நின்று சீக்கிரம் கருகும். ஒருமுறை ஓடத் தொடங்கினால் குறைந்தது ஒரு நிமிடமாவது ஓட வேண்டிய மோட்டார் அது.

சரியான முறை இது. பம்ப்பின் பிரேக்கரை அணைக்கவும். டேங்கிலிருந்து வீட்டுக்குப் போகும் வால்வை மூடவும். டேங்க் அடியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, கேஜ் பூஜ்யம் காட்டித் தண்ணீர் முழுதும் வடியும்வரை விடவும். வடிகுழாய் திறந்திருக்கும்போதே காற்றை அளக்கவும். பம்ப் ஓடத் தொடங்கும் அளவைவிட 2 பி.எஸ்.ஐ. குறைவாக இருக்க வேண்டும்: 40/60க்கு 38, 30/50க்கு 28. குறைந்தால் சைக்கிள் பம்ப்பாலேயே அடிக்கலாம், பொறுமைதான் வேண்டும். கூடுதலாக அடித்துவிடாதீர்கள், 40ஐத் தாண்டினால் பம்ப் ஓடத் தொடங்கும் முன் ஷவர் ஒரு கணம் வற்றி நிற்கும். காற்று வால்வை அழுத்தும்போது தண்ணீர் பீறிட்டால் பை கிழிந்திருக்கிறது. டேங்கை மாற்றத்தான் வேண்டும்.

கருவி எதுவும் இல்லையா? பம்ப் நின்றதும் வாளியில் பிடியுங்கள். 75 லிட்டர் டேங்க் 40/60ல், பம்ப் மறுபடி ஓடுவதற்குள் ஏறக்குறைய 20 லிட்டர் தர வேண்டும். இரண்டு மூன்று லிட்டரிலேயே ஓடினால் விடை தெரிந்துவிட்டது.

ஸ்விட்ச்சின் பெரிய நட்டைத் திருகி அழுத்தத்தைக் கூட்டச் சொல்பவர்கள் உண்டு. காரணம் தெரியாமல் அதைத் தொடாதீர்கள். கூட்டினால் டேங்கின் காற்றையும் அதற்கேற்ப ஏற்ற வேண்டும். ஸ்விட்ச்சுக்குப் போகும் கால் அங்குலக் குழாயில் இரும்புக் கசடு அடைத்தாலும் பம்ப் தாறுமாறாக ஓடும். திறக்கும் முன் பிரேக்கரை அணைத்து, டெஸ்டரால் உறுதிசெய்யுங்கள்.

யாரும் தண்ணீர் திறக்காதபோதே முள் இறங்குகிறதா? பம்ப் நின்றபின் வீட்டுக்குப் போகும் வால்வை மூடிக் கவனியுங்கள். முள் நின்றால் கசிவு வீட்டுக்குள். கழிவறைத் தொட்டியை முதலில் பாருங்கள். முள் இன்னும் இறங்கினால் குறை செக் வால்வில் (தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பாமல் தடுப்பது) அல்லது கிணற்றுக் குழாயில். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தும் 60ஐ எட்டாமல், குழாயில் காற்று துப்பினால் ஊற்று வற்றியிருக்கலாம். பம்ப்பை உடனே அணைத்துச் சில மணி நேரம் ஓய்வு கொடுங்கள்.

இதற்குமேல் கிணற்று ஆள்தான் வர வேண்டும். அழைக்கும்போது நான்கு எண்களைச் சொல்லுங்கள்: பம்ப் ஓடத் தொடங்கும் அழுத்தம், நிற்கும் அழுத்தம், தொடர்ந்து ஓடும் நொடிகள், காலி டேங்கில் அளந்த காற்று. கிணற்றின் மூடியைத் திறந்து வேலை பார்த்தால், குளோரின் ஊற்றிச் சுத்தம் செய்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். மறுபரிசோதனை முடிவு வரும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.