சென்னையில் வாடகை வீடு: நகருக்குள்ளா, புறநகரிலா என்று கணக்கிடும் முறை

வேலை கிடைத்துக் குடும்பத்தோடு சென்னைக்குக் குடிவருகிறவர்கள் பெரும்பாலும் வாடகைத் தொகையை மட்டும் பார்த்தே பகுதியை முடிவு செய்கிறார்கள். நகருக்குள் இருக்கும் அடையாற்றில் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் கேட்கப்படும் தொகையில் பாதிக்கே அதே அளவு வீடு புறநகரான கூடுவாஞ்சேரியில் கிடைக்கும்போது அவ்வாறு தோன்றுவது இயல்புதான். ஆயினும் தண்ணீர் லாரி, பள்ளி வேன், இரயில் நிலைய வண்டி நிறுத்தம் ஆகியவற்றுக்கு ஆகும் பணத்தையும், வீட்டிலுள்ளவர்கள் சாலையில் கழிக்கும் நேரத்தையும் சேர்த்த பிறகே எந்த வீடு மலிவு என்று சொல்ல முடியும்.

முதலில் இரு வீடுகளின் முழு மாதச் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள். வாடகையோடு மெயின்டனன்ஸ், தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து ஆகியவற்றையும், அட்வான்ஸ் தொகை வங்கியில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டியையும் சேர்க்க வேண்டும். புரோக்கருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகையையும், காலி செய்யும்போது வெள்ளையடிப்புக்கெனப் பிடிக்கப்படும் தொகையையும் நீங்கள் குடியிருக்க எண்ணும் மாதங்களால் வகுத்துக் கணக்கில் ஏற்றுங்கள். மின்சாரத்தைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டுக்குத் தனி மின் இணைப்பு உண்டா என்று கேட்பது அவசியம். இரண்டு மாதங்களுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற அரசுச் சலுகை ஒவ்வோர் இணைப்புக்கும் உரியது. உரிமையாளர் துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு ஒரே விலை வாங்கினால் அந்தச் சலுகை உங்களை வந்தடையாது.

வருமான வரியில் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குச் சென்னை வாடகையில் ஒரு பகுதி வரிச் சேமிப்பாகத் திரும்பும். பெறும் வீட்டு வாடகைப்படி, சம்பளத்தில் 10 சதவீதம் போக எஞ்சும் வாடகை, சம்பளத்தில் 50 சதவீதம் ஆகிய மூன்றில் எது குறைவோ அதற்கு விலக்கு உண்டு. இங்கே சம்பளம் என்பது அடிப்படைச் சம்பளமும் அதோடு கணக்கிடப்படும் அகவிலைப்படியும் ஆகும். புதிய முறையில் இந்த விலக்கு கிடையாது என்பதால், கூடுதல் வாடகை முழுவதும் உங்கள் கையிலிருந்தே போகும்.

அடுத்ததாக, இரு வீடுகளின் செலவு வித்தியாசத்தைப் பயணத்தில் மிச்சமாகும் மணிகளால் வகுத்துப் பாருங்கள். அடையாற்று வீட்டின் வாடகை 30,000 ரூபாய், கூடுவாஞ்சேரி வீட்டின் வாடகை 13,000 ரூபாய், அலுவலகம் கிண்டியில் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 17,000, புறநகரில் கூடுதலாகும் தண்ணீர், பெட்ரோல், பள்ளி வேன் செலவு 3,000 எனில், மிஞ்சுவது 14,000 ரூபாய். வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை ஓரிடத்திலிருந்து அரை மணி, மற்றோரிடத்திலிருந்து ஒன்றரை மணி ஆகிறது என்றால், நாளொன்றுக்கு இரண்டு மணி வீதம் 22 வேலை நாட்களில் 44 மணி நேரம் மிச்சமாகிறது. அதாவது ஒரு மணி நேரத்தை ஏறத்தாழ 318 ரூபாய்க்கு வாங்குகிறீர்கள். கணவன், மனைவி இருவரும் அதே திசையில் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் மணி 88 ஆகிவிடும்; விலையும் 159 ரூபாயாகக் குறைந்துவிடும்.

இந்தத் தொகையை உங்கள் ஒரு மணி நேரச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். கைக்கு 60,000 ரூபாய் வாங்குகிறவருக்கு, 176 மணி நேர மாதத்தில், அது 341 ரூபாய் அளவில் வரும். மிச்சமாகும் மணியின் விலை அதில் பாதிக்கும் கீழே இருந்தால் அலுவலகத்துக்குப் பக்கத்திலுள்ள வீடே மலிவு. முழுச் சம்பள வீதத்தைத் தாண்டினால் புறநகரே சரி. இடைப்பட்டதாக இருந்தால் பணத்தை ஒதுக்கிவிட்டு மற்றவற்றைக் கொண்டு முடிவெடுக்கலாம். இது நான் வைத்திருக்கும் அளவுகோல். வேறொருவர் வேறு விதமாக வைக்கலாம். மேலும், பயண நேரம் எல்லாம் ஒரே தரமுடையதன்று. தாம்பரத்தில் புறப்படும் மின்சார இரயிலில் உட்கார்ந்து செல்லும் ஒரு மணியும், ஜிஎஸ்டி சாலை என்னும் நெடுஞ்சாலையில் இரு சக்கர வண்டியில் புகையைக் குடித்துக்கொண்டு செல்லும் ஒரு மணியும் ஒன்றாகா. முன்னதை நான் பாதியாகவே கணக்கிடுவேன்.

சம்பாதிக்கிறவரின் வசதியை மட்டும் கொண்டு பகுதியை எடை போடுவதுதான் இதில் நான் அதிகம் காணும் பிழை. அவர் அங்கே விழித்திருக்கும் நேரம் சொற்பம். நாள் முழுவதும் அங்கே வாழ்கிறவர்கள் பெற்றோரும் குழந்தைகளுமே. அப்பாவுக்கு மாதந்தோறும் மருத்துவமனை உண்டா, அம்மா தனியாகக் காய்கறிக் கடைக்கும் கோயிலுக்கும் நடந்து போய்வர முடியுமா, கல்லூரி முடிந்து இரவு வரும் மகள் நிலையத்திலிருந்து வீடு வரை விளக்குள்ள தெருவில் நடக்க முடியுமா என்பவற்றை அவர்களையே கேளுங்கள். புது மனைப்பிரிவுகளில் வீடு அழகாக இருக்கும். தெருவிளக்கும் ஆட்டோவும் பிறகுதான் வரும்.

தண்ணீரை இரு வகையிலும் விசாரிக்க வேண்டும். பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்ககங்கள் பல லாரித் தண்ணீரையே நம்பியிருப்பவை. 2019 கோடையில் நகரம் வறண்டபோது அங்கே குடியிருந்தவர்கள் பட்டபாடு பலருக்கும் நினைவிருக்கும். ஆகவே கடந்த மே மாதத்து மெயின்டனன்ஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். மழைத்தண்ணீருக்கு 2015 டிசம்பரையும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரையும் சொல்லி, எவ்வளவு உயரம் நின்றது என்று தெருமுனைக் கடைக்காரரிடம் கேளுங்கள். உரிமையாளரிடம் கேட்டுப் பயனில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற இடங்களில் தரைத்தள வீடு மலிவாகக் கிடைத்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் நிறுத்துவது வேடிக்கைக்காக அன்று.

புரோக்கர்கள் வீட்டை ஞாயிற்றுக்கிழமை காட்டுவார்கள். அன்று சாலை காலியாக இருக்கும். திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை ஒருமுறை சென்று பார்த்த பிறகே பயண நேரத்தைக் கணக்கில் எழுதுங்கள். மெட்ரோ வரப்போகிறது என்று சொல்லிக் கூடுதல் வாடகை கேட்டால் ஏற்க வேண்டாம்: 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாம் கட்டத் திட்டத்தில் உங்கள் பக்கத்து நிலையம் திறக்கும் நாள்வரை நீங்கள் அனுபவிக்கப்போவது சாலைத் தடுப்புகளைத்தான்.

இரண்டுக்கும் இடைப்பட்ட வழியும் உண்டு. மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், குரோம்பேட்டை போன்ற பகுதிகளில், லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககங்களின் மேல்தள வீடுகள் வாடகை குறைவாகக் கிடைப்பதுண்டு. முழங்கால் வலியுள்ளவர் வீட்டில் இல்லையென்றால் இவற்றைத் தேடலாம். ஓர் அறையைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதும், பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை, நல்ல பேரமே.

எந்தப் பகுதியானாலும் முதல் ஒப்பந்தத்தில் பெருந்தொகையை முடக்காதீர்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, இருதரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது; பத்து மாதம் கேட்பவரிடம் இதைச் சொல்லிக் குறைக்கப் பாருங்கள். காலி செய்வதற்கான முன்னறிவிப்புக் காலத்தையும், முன்பணத்தைத் திருப்பித் தரும் நாளையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டால், ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் பார்த்த பிறகு கணக்கைத் திரும்பப் போட்டு, வேண்டுமானால் பகுதியை மாற்றிக்கொள்ளலாம்.