பழைய பொம்மை ரயில் ஸ்டேஷன்கள்: சேகரிக்கத் தொடங்குவது எப்படி?

பழைய பொம்மை ரயில் சேகரிப்பவர்களுக்கு இன்ஜின் மேல்தான் கண். விலையும் அங்கேதான் ஏறும். ஸ்டேஷன், பிளாட்ஃபார்ம், கேட் கீப்பர் குடில் எல்லாம் அட்டைப்பெட்டியின் ஓரத்தில் கிடக்கும். புதிதாக வருகிறவர்கள் அந்த ஓரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. செலவு குறைவு. தண்டவாளமே இல்லாமல் மேசைமேல் வைத்தும் இயக்கிப் பார்க்கலாம்.

இங்கே நான் சொல்வது லயனல் பொருட்களைப் பற்றி. ஜோஷுவா லயனல் கோவன் 1900-இல் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி அது. 1945 முதல் 1969 வரை வந்தவற்றைச் சேகரிப்பாளர்கள் 'போஸ்ட்வார்', அதாவது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தையவை, என்பார்கள். அந்தக் காலத்துப் பொருட்களுக்கு உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது. ஜெர்மனியின் மார்க்லின், இங்கிலாந்தின் ஹார்ன்பி செய்த தகர ஸ்டேஷன்கள் கொள்ளை அழகுதான். ஆனால் துருவையும் உரிந்த வண்ணத்தையும் எடைபோடக் கண் பழக வேண்டும். அவை பிறகு.

படி 1: அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

லயனலின் முக்கிய அளவு 'ஓ' கேஜ். தண்டவாள அகலம் சுமார் 32 மி.மீ. போட்டிக் கம்பெனியான அமெரிக்கன் ஃப்ளையர் போருக்குப் பின் 'எஸ்' கேஜுக்கு மாறியது, அது 22.5 மி.மீ. 'எச்ஓ' 16.5 மி.மீ. மட்டுமே. 'எச்ஓ' ஸ்டேஷனை 'ஓ' ரயில் பக்கத்தில் வைத்தால் பயணிகள் தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். விற்பவர் அளவு சொல்லாவிட்டால் நீள அகலம் கேட்டு வாங்குங்கள்.

படி 2: முதல் பொருளைத் தேர்ந்தெடுங்கள்

எளிமையானது 145 எண் கேட் கீப்பர். 1950-இல் வந்தது. ரயில் நெருங்கியதும் குடிலின் கதவு திறந்து, கையில் விளக்கோடு ஓர் ஆள் வெளியே வருவார். ரயில் போனதும் உள்ளே போய்விடுவார். நிறைய விற்ற பொருள் என்பதால் அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை.

விளக்கு மட்டும் எரிந்தால் போதும் என்றால் 133 எண் பயணிகள் ஸ்டேஷன். அதே தோற்றத்தில் 132 என்று ஒன்று உண்டு. வந்த ரயிலைச் சற்று நேரம் நிறுத்திப் பிறகு கிளப்பிவிடும் அமைப்பு அதனுள் இருக்கிறது.

என் மனசு 356-இல்தான் நிற்கிறது. 1952-இல் வந்த சரக்கு ஸ்டேஷன். இரண்டு போர்ட்டர்கள் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு வாசல் வழியாக வெளியே வந்து, பிளாட்ஃபார்மில் ஓடி, இன்னொரு வாசலில் நுழைவார்கள். உள்ளே மோட்டார் கிடையாது. அடியில் இருக்கும் மின்காந்தச் சுருள் தரையை அதிர வைக்கிறது, அந்த அதிர்விலேயே வண்டிகள் நகர்கின்றன. மேசை சமமாக இல்லையென்றால் போர்ட்டர்கள் ஒரு மூலையில் கூடிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

எச்சரிக்கை ஒன்று. 256 எண் ஸ்டேஷனும் கிட்டத்தட்ட இதே கட்டடம்தான். அதில் விளக்கு உண்டு, ஓட்டம் இல்லை. இரண்டையும் குழப்பி விளம்பரம் போடுகிறவர்கள் உண்டு. எண்ணைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

படி 3: கூரையைத் தூக்கிப் பாருங்கள்

இணைய ஏலத்தில் முகப்புப் படம் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். மூன்று படம் கேளுங்கள்: கூரையின் உட்புறம், அடித்தட்டு, வயர் இணைக்கும் இடம்.

கூரையின் உள்ளேதான் உண்மை தெரியும். பல்பு பல மணி நேரம் எரிந்து பிளாஸ்டிக்கை உப்ப வைத்திருக்கும், சிலவற்றில் உருக்கியே இருக்கும். இதைச் சரிசெய்ய முடியாது. கூரையையே மாற்ற வேண்டும். புகைபோக்கி முனை, ஜன்னல், கேட் கீப்பரின் கதவு, அவர் கையிலுள்ள விளக்கு ஆகியவை அடிக்கடி உடைபவை. 157 எண் பிளாட்ஃபார்மின் வேலியில் பேபி ரூத் மிட்டாய் போன்ற அக்கால விளம்பரத் தகடுகள் இருக்கும். அவை காணாமல் போயிருக்கும், அல்லது பிற்கால நகலாக இருக்கும். நகல் தப்பில்லை, அசல் விலை கேட்பதுதான் தப்பு. 356 என்றால் இரண்டு வண்டிகளும் ஓடும் காணொளி கேளுங்கள்.

நிலையைச் சொல்ல, 1954-இல் தொடங்கிய அமெரிக்க ரயில் சேகரிப்பாளர் சங்கமான டிசிஏ, சி-1 முதல் சி-10 வரை தரம் வகுத்திருக்கிறது. சி-10 என்றால் கை படாத புதுசு. தொடக்கத்துக்கு சி-6, சி-7 போதும். சி-5-இல் நாலு வாங்குவதைவிட, எல்லாப் பாகமும் உள்ள சி-7 ஒன்று மேல்.

அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேர்த்துக் கணக்குப் போட்டபின் ஏலம் கேளுங்கள்.

படி 4: மின்சாரம்

இதில் அலட்சியம் கூடாது. அமெரிக்க டிரான்ஸ்ஃபார்மர் சுமார் 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் கருகிவிடும். அதன் பழைய ரப்பர் வயரும் வெடித்திருக்கும். எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மாற்றிய பிறகு, 230 வோல்ட்டை 110 ஆகக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இணைக்கலாம்.

விளக்கும் கேட் கீப்பரும் மட்டும் என்றால், சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரில் நடு முனையையும் ஓர் ஓர முனையையும் எடுத்தால் 12 வோல்ட் ஏசி. ஃபியூஸ் போட்டு, மூடிய பெட்டிக்குள் வையுங்கள். 356-க்கு வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க வழி வேண்டும்: குறைந்தால் வண்டி நிற்கும், கூடினால் குதிக்கும். டிசி கொடுத்தால் சுருள் ஒரு முறை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

படி 5: சுத்தம் செய்வது

பிளாஸ்டிக் கூரையைத் தனியே கழற்றி, வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு மெல்லிய பிரஷ்ஷால் கழுவலாம். எழுத்து அச்சிட்ட இடத்தில் தேய்க்காதீர்கள். தகர விளம்பரம், காகித லேபிள், சுருள் இவற்றின் பக்கம் தண்ணீரே போகக் கூடாது. காய்ந்த பிரஷ் போதும். தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பிளாஸ்டிக்கைக் கரைக்கும்.

படி 6: சுற்றுப்புறத்தை வளர்ப்பது

ஒரு ஸ்டேஷன் ஓடத் தொடங்கியதும் பக்கத்தில் வீடு, கடை வைக்க ஆசை வரும். பிலடெல்பியாவின் பாக்மன் சகோதரர்கள் கம்பெனி செய்த பிளாஸ்டிக்வில் கட்டடங்கள் அதற்கென்றே வந்தவை. பசை இல்லாமல் சொருகிப் பூட்டுபவை, ஆகவே பிரித்து அடுக்கிவைக்கலாம். யாரோ பசை போட்டு ஒட்டியிருந்தால் விலையைக் கண்டிப்பாகக் குறைத்துக் கேளுங்கள்.

பெட்டியோடு வந்தால் பெட்டியை வெயில் படாத அலமாரியில் தட்டையாக மடித்து வைத்துவிடுங்கள். மறுபடி விற்கும் நாளில் அந்தக் காலி அட்டைக்கும் தனியாகக் காசு உண்டு.