எடைப் பிரிவில் நான் சறுக்கிய இடங்கள்: கல்லூரி மல்யுத்தப் பையன்களுக்கு

அமெரிக்கக் கல்லூரி ஒன்றின் பயிற்சி அறையில் உதவிக்கு நிற்கிறேன். ஒவ்வொரு செப்டம்பரிலும் புதுப் பையன்கள் எடை மெஷினை விட்டு இறங்கியதும் கேட்பது ஒன்றுதான்: "எதுவரை கீழே போகலாம்?" ஒரு காலத்தில் நானும் அதையே கேட்டவன். பட்டினி கிடக்காதே, தண்ணீரை நிறுத்தாதே என்பதை எல்லாரும் சொல்வார்கள். அதை விடுகிறேன்.

குறைந்தபட்ச எடையைச் சொந்த எடை என்று நினைப்பது

சீசனுக்கு முன் சிறுநீரைச் சோதிப்பார்கள். தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், அதன் அடர்த்தி 1.020-ஐத் தாண்டினால், உடம்பில் தண்ணீர் போதவில்லை, இன்னொரு நாள் வா என்பார்கள். தேறினால் கொழுப்பை அளந்து, 5 சதவீதக் கொழுப்போடு உங்கள் எடை எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டு, அதற்குக் கீழே போகக் கூடாது என்று எழுதித் தருவார்கள். வாரத்துக்கு 1.5 சதவீதத்துக்கு மேல் எடை இறக்கவும் கூடாது. இந்த விதிகள் சும்மா வரவில்லை. 1997 நவம்பர், டிசம்பரில், ஐந்தே வாரத்துக்குள், மூன்று கல்லூரி வீரர்கள் எடை இறக்கும்போது செத்துப்போனார்கள். வியர்க்க வைக்கும் ரப்பர் உடையும் நீராவி அறையும் அதற்குப் பிறகுதான் தடையாயின.

ஆக, அந்த எண் ஒரு வேலி. பையன்கள் அந்த வேலி மேலேயே பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

என் கதையைக் கேளுங்கள். அப்போது நான் 152 பவுண்ட், கொழுப்பு 12 சதவீதம். கொழுப்பைக் கழித்தால் ஏறக்குறைய 134. அதை 0.95-ஆல் வகுத்தால் 141. கல்லூரியில் 125, 133, 141, 149 என்று 285 வரை பத்துப் பிரிவுகள். மூன்று பவுண்ட் இறக்கினால் 149 கையில். நான் 141-க்குப் போனேன். 149-இல் எங்கள் அணியிலேயே ஒரு சீனியர் இருந்தான். அவனோடு மோதி இடம் பிடிப்பதைவிடப் பட்டினி கிடப்பது சுலபமாகத் தெரிந்தது.

ஐந்து வாரத்தில் இறக்கிவிட்டேன். நவம்பரில் எல்லாம் ஜோர். ஜனவரியில் கால்கள் ஓய்ந்தன. அணிப் போட்டிகளில் ஒரு மணி நேரம் முன்புதான் எடை பார்ப்பார்கள். அதற்குள் குடிக்கிற தண்ணீர் எந்த மூலைக்கு? முதல் 3 நிமிடம் நான்தான் ராஜா. அடுத்த இரண்டு சுற்றுகளும் இரண்டிரண்டு நிமிடம். அதில் கீழே மாட்டினால் எழ முடியவில்லை. கல்லூரிப் பாணியில் மேலிருந்து அமுக்கி வைத்திருக்கும் நேரத்துக்கும் கணக்கு உண்டு; எதிராளியைவிட ஒரு நிமிடம் கூடுதலாக அமுக்கியவனுக்கு ஒரு புள்ளி. பிப்ரவரியில் இரண்டு போட்டிகளை அந்த ஒற்றைப் புள்ளியில் விட்டேன்.

அந்தச் சீனியரோ தோளில் அடிபட்டு டிசம்பரிலேயே உட்கார்ந்துவிட்டான். 149 காலி! ஏறி வருகிறாயா என்று கோச் கேட்டார். இவ்வளவு பட்டினி வீணாகிவிடுமே என்று மறுத்தேன். அந்த இடத்துக்கு வந்தவன் பயிற்சியில் என்னை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வினேஷ் போகாட்டை உதாரணம் காட்டி என்னிடம் வாதாடுகிறவர்கள் உண்டு. 53 கிலோவில் இந்தியாவுக்கான இடத்தை அந்திம் பங்கால் வாங்கிவிட்டதால் அவர் 50-க்கு இறங்க வேண்டியிருந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதல் நாள் எடை சரி. இரண்டாம் நாள் காலை 100 கிராம் கூடுதல், இறுதிப் போட்டியே போயிற்று. அவருக்கு வேறு வழி குறைவு. எனக்கு இருந்தது.

ஒலிம்பிக் ரெட்ஷர்ட்டைக் கல்லூரி எடையை வைத்து முடிவு செய்வது

ஒலிம்பிக்கை ஒட்டிய ஒரு சீசனைக் கல்லூரிக்கு ஆடாமல், கல்லூரியில் ஆடக் கிடைக்கும் சீசன்களில் ஒன்றையும் இழக்காமல், ஒலிம்பிக் பாணியான ஃப்ரீஸ்டைல் பயிற்சிக்கு ஒதுக்குவதுதான் ஒலிம்பிக் ரெட்ஷர்ட். ஆனால் பாரிஸில் ஆண்கள் ஃப்ரீஸ்டைலுக்கு இருந்தவை ஆறே பிரிவுகள்: 57, 65, 74, 86, 97, 125 கிலோ. 65 கிலோ என்றால் 143 பவுண்ட், 74 என்றால் 163. 149-காரன் நடுவில் தொங்குவான். 133-காரனுக்கும் அதே கதி. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஒரு வருடத்தை விட்டால், அதில் பாதி எடையோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும்.

அமெரிக்க வீரர் கைல் ஸ்னைடர் செய்ததைப் பாருங்கள். 2015-இல் கல்லூரி இறுதிப் போட்டியில் 197 பவுண்டில் தோற்றவர், அதே வருடம் 97 கிலோவில் உலகச் சாம்பியன். 97 கிலோ என்பது 214 பவுண்ட். 2016-இல் ஒஹாயோ ஸ்டேட் அணிக்குச் சீசன் பாதியில் திரும்பியபோது 197-க்கு இறங்கவில்லை. 285 வரை அனுமதிக்கும் ஹெவிவெயிட்டுக்கு ஏறினார். தன்னைவிடக் கனமானவர்களை வென்று பட்டம் வாங்கி, ஆகஸ்டில் ரியோவில் தங்கமும் வாங்கினார். எல்லாரும் ஸ்னைடர் இல்லை, சரி. ஆனால் ஒலிம்பிக் எடையை முதலில் வைத்துக் கல்லூரி எடையைப் பின்னால் யோசித்தாரே, அதைக் காப்பி அடிக்கலாம்.

நண்பன் எடுக்கிறான் என்று ரெட்ஷர்ட் எடுப்பது

வேண்டாம்.

கோச்சிடம் கடைசியில் சொல்வது

ரெட்ஷர்ட் எடுப்பதென்றால் ஆகஸ்டிலேயே சொல்லுங்கள். அவரும் அணியை நிரப்ப வேண்டும்.

2020-ஐ உதாரணம் காட்டுவது

அந்தச் சீசனில் ரெட்ஷர்ட் எடுத்தவர்களுக்கு டோக்கியோ ஒலிம்பிக் ஒரு வருடம் தள்ளிப்போனது; எடுக்காமல் ஆடியவர்களுக்கோ மார்ச்சில் நடக்கவிருந்த தேசியப் போட்டியே ரத்து. அது கொரோனா போட்ட கணக்கு, அதை விடுங்கள்.

இந்த செப்டம்பரில் 157-காரன் ஒருவன் 149 கேட்டான். ஏன் என்றேன். 157-இல் கேப்டன் இருக்கிறாராம். அவரோடு ஒரு தடவை மோதிப் பார் என்று பாயைக் காட்டினேன். 7-4 என்று தோற்றான். இப்போது 157-இல் இரண்டாம் ஆள். மத்தியானம் நன்றாகச் சாப்பிடுகிறான்.