கறுப்புத் திரைக்குப் பின்னால்

பி.யூ.சி. முடித்த அக்கா மகளுக்காக பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கினேன். அல்சூர் வீட்டுக்கு வந்து பென்டிரைவிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றப் போனால், தொடக்கப் பட்டியல் வந்ததும் திரை கறுத்துவிட்டது. “போச்சா மாமா?” என்றாள், முகம் வாடி. ஆனால் கேப்ஸ் லாக்கை அழுத்த அழுத்த, அந்தச் சின்ன விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. கணினி உயிரோடுதான் இருக்கிறது, படம் மட்டும் வரவில்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தொடங்கும்போதே திரையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும். தனி கிராபிக்ஸ் சிப்புக்குப் பொருத்தமான டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், இல்லாவிட்டால் அங்கேயே திணறி நிற்கலாம். மறுபடி பூட் செய்து, குரப் (GRUB) எனும் அந்தத் தொடக்கப் பட்டியலில் ‘இ’ (e) விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ (linux) என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு ‘நோமோட்செட்’ (nomodeset) என்று சேர்த்தேன். திரையை நீ எடுத்துக்கொள்ளாதே என்று கர்னலுக்குச் சொல்வது அது. அப்புறம் பூட் செய்ய எஃப்10. திரை வந்தது! எழுத்துகள் பெரிதாக, கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் நிறுவி முடிக்க அது போதும்.

நிறுவியபின் முதல் தடவை பூட் செய்தபோதும் அதையே செய்தேன். நான் ஏற்றியது உபுண்டு என்ற லினக்ஸ் வகை என்பதால் ‘கூடுதல் டிரைவர்கள்’ பகுதியில் பரிந்துரைத்ததை ஏற்றினேன். நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் அப்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். தயவுசெய்து எழுதி வையுங்கள். ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் அதைக் கொடுத்தால்தான் டிரைவர் இயங்கும். சரியான டிரைவர் வந்தபின் நோமோட்செட் வேண்டாம்.